பதேர் பாஞ்சாலி: சர்வஜயாவை உங்களால் மன்னிக்க முடிந்ததா?

கூடத்துத்தூண் எழுதியது:

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் வங்க நாவல் பதேர் பாஞ்சாலியை முதலில் படித்தபோது எனக்கு 19 வயது. கல்லூரி நூலகத்துப் பிரதி, அட்டை கிழிந்து, நடுவில் நாலைந்து பக்கங்களில் யாரோ குழம்புக் கையோடு புரட்டிய மஞ்சள் கறை. அந்த வயதில் அந்தக் குடும்பத்தில் எல்லாரையும் பிடித்தது, அம்மா சர்வஜயாவைத் தவிர. பல் போன, முதுகு வளைந்த ஒரு கிழவியை, நாத்தனார் முறை உள்ளவளை, வீட்டில் இருக்கவிடாமல் துரத்துகிறாள். கிழவி கடைசியில் இன்னொருவர் வீட்டில் போய்ச் சாகிறாள். இவளெல்லாம் ஒரு மனுஷியா என்று புத்தகத்தை மூடி வைத்தது ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் மறுபடி எடுத்தேன். இப்போது வயது 51. முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

காலை வேளை. அந்தக் கிழவி, இந்திர் தாக்ருண், வறுத்த அரிசி மாவைத் தின்றுகொண்டிருக்கிறாள். சர்வஜயாவின் மகள், 6 வயது துர்கா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணத்திலிருந்து வாய்க்குப் போகிற கையை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தின்று முடித்த பிறகுதான் கிழவிக்கு உறைக்கிறது, அடடா உனக்கு வைக்கவே இல்லையே என்று. பரவாயில்லை அத்தை, நீ சாப்பிடு என்கிறது குழந்தை. கிழவி ஒரு வாழைப்பழத்தைப் பிட்டுப் பாதியைக் கையில் கொடுக்கிறாள். அந்த நேரம் பார்த்து அம்மாவின் குரல் வருகிறது: மறுபடியும் அத்தையிடம் போய்க் காத்துக்கிடக்கிறாயா, எழுந்து வா இந்தப் பக்கம்!

19 வயதில் எனக்கு அந்தப் பாதிப் பழம்தான் தெரிந்தது. என்ன பாசம், அதைப் பொறுக்காத தாய் என்ன தாய் என்று. இப்போது படிக்கும்போது அந்தக் கத்தல்தான் காதில் விழுகிறது. தன் பிள்ளை இன்னொருத்தி தின்பதை வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எந்த அம்மாவால் பார்க்க முடியும்? கூப்பிட்டுக் கொடுக்க உள்ளேயும் ஒன்றும் கிடையாது.

சரி, உங்களிடம் கேட்கிறேன். இந்த வீட்டில் உங்களோடு தங்கிவிட்ட ஆள் யார்? சர்வஜயாவை நீங்கள் எங்கே வைத்தீர்கள்?

ரயிலடி எழுதியது:

இதில் என்ன கேள்வி அக்கா, துர்காதான். அடுத்த ஆள்.

பழங்கணக்கு எழுதியது:

இந்திர் தாக்ருணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நாம் பாவம் கிழவி என்று முடித்துவிடுகிறோம், அவள் எப்படி அந்த வீட்டுக்கு வந்தாள் என்பதை ஆசிரியர் ரொம்பக் கவனமாகச் சொல்லியிருக்கிறார். நாவல் மூன்று பகுதி. முதல் பகுதியின் பெயர் 'பல்லாலி பாலாய்', பல்லாலனால் வந்த பீடை என்று வைத்துக்கொள்ளலாம். பல்லாலன் என்றால் 12ஆம் நூற்றாண்டில் வங்காளத்தை ஆண்ட பல்லால சேனன். குலீனர் என்று சில பிராமணக் குடும்பங்களை உயர்த்தி வைத்த ஏற்பாடு அவன் பெயரில்தான் சொல்லப்படுகிறது. குலீன மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தால் குடும்பத்துக்கு மதிப்பு. அதனால் ஒரே ஆள் பத்து, இருபது என்று கட்டிக்கொண்டு போனான். பெண்கள் பிறந்த வீட்டிலேயே கிடப்பார்கள். மாப்பிள்ளை எப்போதாவது வருவார், ஓரிரண்டு ராத்திரி தங்குவார், வழிச்செலவும் குலீன மரியாதையும் வாங்கிக்கொண்டு, நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த மாமனார் வீட்டுக்கு மூட்டையைக் கட்டுவார். இந்திருக்கு வாய்த்தது அப்படி ஒரு புருஷன். முகமே சரியாக நினைவில்லாத அவன் செத்தபோது இவள் விதவை ஆனாள். ஒரு மகள் பிறந்து, அதுவும் சின்ன வயதில் போய்விட்டது. துர்காவைப் பார்க்கும்போதெல்லாம் கிழவிக்கு அந்தக் குழந்தை நினைவு.

ஆக, பிறந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடமே இல்லை. பிறந்த வீட்டில் கூடப்பிறந்தவர்களும் இல்லை, சர்வஜயாவின் புருஷன் ஹரிஹர் தூரத்து உறவு. அவள் செத்ததும் ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: அவளோடு அந்த ஊரின் பழைய காலமும் முடிந்தது என்று. எனக்குத் தங்கிப்போன ஆள் அவள்தான்.

கரிசக்காத்து எழுதியது:

எல்லாரும் பெண்களுக்குள் யார் நல்லவள், யார் கெட்டவள் என்று பஞ்சாயத்து வைக்கிறீர்கள். அந்த வீட்டு ஆம்பளை எங்கே? ஹரிஹர் கல்யாணம் ஆன கையோடு பெண்டாட்டியை அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டுக் காசிப் பக்கம் போய்ப் பல வருஷம் சுற்றிவிட்டு வந்த ஆள். வந்து குடித்தனம் வைத்தது நிச்சிந்திபூர் கிராமத்தில், இடிந்துவிழுகிற வீட்டில். அதற்கப்புறமும் புராணம் சொல்வது, பாட்டுக் கட்டுவது, ஒரு நாள் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுவது. அரிசிப் பானையைத் திறந்து பார்க்கிற வேலை அவளுக்கு. கிழவியை வைத்துச் சோறு போட வேண்டியவன் அவன், அவளுக்கு உறவு அவன் வழியில். பழி மட்டும் இவள் தலையில். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது.

நான் அவனை வில்லன் என்று சொல்ல வரவில்லை. அவன் ரொம்ப இனிமையான ஆள். அதுதான் பிரச்சினையே. இனிமையான ஆளோடு சண்டை போட முடியாது, அதனால் சர்வஜயா கிழவியோடு சண்டை போடுகிறாள்.

கூடத்துத்தூண் எழுதியது:

கரிசக்காத்து, கடைசி வரியை எழுதி வைத்துக்கொண்டேன்.

மழைக்காகிதம் எழுதியது:

நான் படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், சத்யஜித் ராய் 1955இல் எடுத்தது. அதில் அந்தப் பாட்டி மூங்கில் காட்டில் உட்கார்ந்தபடியே செத்துப்போவாள், குழந்தைகள் இரண்டும் வந்து தொட்டதும் சாய்வாள். நீங்கள் வேறொருவர் வீட்டில் என்கிறீர்களே? சுனிபாலா தேவி அந்தப் பாட்டியாக நடிக்கவில்லை, வாழ்ந்திருந்தார். அதனால் கேட்கிறேன்.

பழங்கணக்கு எழுதியது:

படத்தில் மாற்றியிருக்கிறார். நாவலில் கிழவி சாகும்போது துர்காவின் தம்பி அபு கைக்குழந்தை. அவனுக்கு அவளை நினைவிருக்கவே வழியில்லை. ராய் அவளைப் பல வருஷம் கூடுதலாக வாழவைத்து, அந்தச் சாவை இரண்டு குழந்தைகளும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஆக்கினார். நாவலில் அவள் இல்லாத வீட்டில்தான் அபு வளர்கிறான். எனக்கு நாவலின் வழிதான் பிடிக்கும். ஒரு தலைமுறையின் துக்கம் அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போய்விடுகிறது, அம்மாவுக்கும் துர்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. ராய் இந்தக் கதைக்குள் வந்தது சினிமா வழியாக இல்லை. 1940களில் சிக்னெட் பிரஸ் சிறுவர்களுக்காக இதன் சுருக்கப் பதிப்பைப் போட்டபோது படம் வரைந்தவர் அவர். அந்தச் சுருக்கத்தின் பெயரும் நாவலின் இரண்டாம் பகுதியின் பெயரும் ஒன்றுதான், 'மாங்கொட்டை ஊதல்' என்று தமிழில் சொல்லலாம். நாம் பூவரச இலையில் பீப்பி ஊதினோம், அவர்களுக்கு மாங்கொட்டை.

ரயிலடி எழுதியது:

ரயில் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், படம் பார்த்தவர்கள் எல்லாம் நாணல் காட்டில் அக்காவும் தம்பியும் ஓடிப்போய் ரயில் பார்க்கிற காட்சியைத்தான் சொல்வார்கள். நாவலில் துர்கா ரயிலைப் பார்க்கவே இல்லை! இரண்டு பேரும் தண்டவாளத்தைத் தேடி ஓடுகிறார்கள், வழி தெரியாமல் திரும்பி வருகிறார்கள். அப்புறம் அபு அப்பாவோடு போகும்போது தண்டவாளம் மட்டும் பார்க்கிறான், ரயில் வருகிறவரை நிற்க அப்பாவுக்கு நேரமில்லை. காய்ச்சலில் கிடக்கும்போது துர்கா தம்பியிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எனக்கு உடம்பு சரியானதும் ஒரு நாள் ரயில் காட்டுவாயா?

கடைசியில் ஊரை விட்டுப் போகும்போது அபு ரயிலில் ஏறுகிறான். வண்டி நகர்கிறது. அக்கா ஊரோரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி அவனுக்குத் தோன்றுகிறது. நான் ரயில்வேயில் வேலை பார்க்கிற ஆள். நாளெல்லாம் ரயில் பார்க்கிறவன். இருந்தும் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்க என்னால் ஆகாது.

துர்காவை நல்ல பெண் என்று ஒரு இடத்திலும் ஆசிரியர் சொல்லமாட்டார், கவனித்திருக்கிறீர்களா? திருடுவாள். ஊரார் தோப்பில் மாங்காய் பொறுக்குவாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து அவளுடைய பொம்மைப் பெட்டியைக் கொட்டிப் பார்த்துப் பாசிமணி மாலையை எடுப்பாள். பின்னால் தங்கக் குங்குமச் சிமிழ் ஒன்று காணாமல் போய், அதற்கும் அடி வாங்குவாள். எடுக்கவில்லை என்று சாதிப்பாள். நாமும் நம்புவோம்! அவள் செத்த பிறகு, ஊரை விட்டுக் கிளம்புகிற சமயத்தில், மேல் பலகையில் எதையோ தேடும்போது அந்தச் சிமிழ் அபு கைக்கு வருகிறது. கொஞ்ச நேரம் பார்க்கிறான். கொண்டுபோய் மூங்கில் புதருக்குள் வீசிவிடுகிறான். யாரிடமும் சொல்லவில்லை. படத்தில் அது மாலை, குளத்தில் போடுவான், பாசி விலகி மூடும். அழகுதான். ஆனால் புத்தகத்தில் அது தங்கம். சோற்றுக்கு இல்லாத வீடு. விற்றிருந்தால் என்ன என்று ஒரு நொடிகூட அவனுக்குத் தோன்றுவதில்லை.

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

அழவைக்காதீர்கள் ஐயா, நான் அலுவலகத்தில் இருக்கிறேன்.

சிரிப்புக்கு ஒன்று சொல்கிறேன். அபுவின் கழுகு முட்டை! அப்பாவின் பழைய புத்தகம் ஒன்றில் படித்துவிடுகிறான்: கழுகு முட்டைக்குள் பாதரசத்தை ஊற்றி வெயிலில் வைத்து, அப்புறம் வாயில் போட்டுக்கொண்டால் ஆகாயத்தில் பறக்கலாமாம். ஊரெல்லாம் கழுகு எங்கே கூடு கட்டும் என்று விசாரணை. அக்காவிடமும் சொல்லமாட்டான், எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது. மாடு மேய்க்கிற பையன் ஒருவன் இரண்டு முட்டை கொண்டுவந்து பேரம் பேசுகிறான். இருந்த காசு, சேர்த்து வைத்த சோழி எல்லாம் போய்விடுகிறது. சோழி அவனுக்கு உயிர்! ஆனால் பறக்கப் போகிறவனுக்குச் சோழி எதற்கு. முட்டையைப் பத்திரமாக ஒளித்து வைக்கிறான். துர்கா விளக்குத்திரிக்குக் கந்தல் துணி தேடுகிறேன் பேர்வழி என்று கையை விட்டு இரண்டையும் உடைத்துவிடுகிறாள். பையன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

நாவல் முழுக்க அக்கா தம்பி இப்படித்தான். ஒரு மாங்காய் அறுத்து, அம்மாவுக்குத் தெரியாமல் உப்பும் எண்ணெயும் எடுத்துவரச் சொல்லி, பாதி தின்னும்போது அம்மா வந்துவிட, இவன் வாயைச் சுற்றி உப்பு. துடைடா குரங்கே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். எங்கள் வீட்டில் எண்ணெய்க்குப் பதில் மிளகாய்த்தூள், மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

கற்பூரவள்ளி எழுதியது:

தலைப்பு சர்வஜயா என்று நினைக்கிறேன், எல்லாரும் தோப்புக்குள் போய்விட்டீர்கள்.

எனக்கு அவள் என்றால் ரவை அல்வா நினைவு. அபு எப்போதாவது ஏதாவது செய்து கொடு என்று கேட்டால், ரவையைத் தண்ணீரில் வேகவைத்து வெல்லம் போட்டுக் கிளறி, இதுதான் மோகன்போக் என்று கொடுப்பாள். பையன் சப்புக்கொட்டித் தின்பான். அப்புறம் ஒரு முறை அப்பாவோடு வசதியான ஒரு சிஷ்யர் வீட்டுக்குப் போகிறான். அங்கே மோகன்போக் வருகிறது. நெய் வழிகிறது, உலர்திராட்சை கிடக்கிறது. ஒரு வாய் போட்டதும் புரிந்துவிடுகிறது. அம்மா செய்ததும் இதுவும் ஒன்றில்லை. அந்த இடத்தில் அவன் அம்மாவிடம் கோபப்படவில்லை. அம்மாவுக்கே தெரியாதோ என்னமோ, இதை இப்படித்தான் செய்வார்கள் என்று அவள் பார்த்ததே இல்லையோ என்று யோசிக்கிறான். தாங்கள் ஏழைகள் என்பது முதன்முதலாக அவனுக்குத் தெரிகிறது. வளர்கிற கதை, வளர்கிற கதை என்கிறோமே, அந்தப் பையன் வளர்ந்தது அந்த ஒரு கவளத்தில்தான்.

நான் சமையல் வேலை பார்ப்பவள், கல்யாண வீடுகளுக்கு இனிப்பு போட்டுக் கொடுக்கிறேன். அதனால் எனக்கு இன்னொன்று தோன்றியது. தண்ணீரில் ரவை கிளறினால் கட்டி தட்டும். நெய் இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும், கையை எடுக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நெய் உள்ளவளுக்கு அது பத்து நிமிஷ வேலை. இல்லாதவளுக்குத் தோள்பட்டை போய்விடும்.

நடுப்பகல் எழுதியது:

மன்னிக்கணும், நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவளைப் புனிதவதி ஆக்கிவிடுவீர்கள் போல இருக்கிறது. வறுமை எல்லாரையும் விரட்டச் சொல்வதில்லை. அதே ஊரில் அதே வறுமையில் இருந்த மற்றவர்கள்தானே கடைசியில் கிழவிக்கு இடம் கொடுத்தார்கள்? உடம்பு முடியாமல் திரும்பி வந்தவளை, செத்தால் இங்கேயே சாகிறேன் என்று வந்தவளை, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். அவளுக்குப் பசி என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. பொறாமையும் இருந்தது. தன் மகள் தன்னைவிட அத்தையிடம் ஒட்டிக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியரே மறைக்காமல் சொல்கிறார், நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள்?

அதே சர்வஜயா, நாடகக் கம்பெனியோடு வந்த அஜய் என்கிற அநாதைப் பையனை அபு வீட்டுக்குக் கூட்டிவந்தபோது மடியில் போட்டுக்கொள்ளாத குறையாகப் பார்த்துக்கொள்கிறாள். சாப்பாடு போடுகிறாள். அந்தப் பையன் போகும்போது அக்கா கல்யாணத்துக்குப் புடவை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சேர்த்து வைத்த பணத்தை நீட்டுகிறான், இவள் வாங்க மறுக்கிறாள். ஆக அவளால் முடியாமல் இல்லை. முன்பின் தெரியாத பிள்ளைக்கு மனம் இளகுகிறது. வீட்டிலேயே இருக்கிற கிழவிக்கு இளகவில்லை.

கரிசக்காத்து எழுதியது:

பிள்ளை நாலு நாளில் போய்விடும். கிழவி போகமாட்டாள். அதுதான் வித்தியாசம்.

நடுப்பகல் எழுதியது:

அது காரணம். அதை வைத்து நியாயம் ஆக்கக்கூடாது.

கூடத்துத்தூண் எழுதியது:

நடுப்பகல் சொல்வது சரி. நான் அவளை நியாயப்படுத்த வரவில்லை. எனக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் மாமனாரின் அக்கா எங்களோடு 6 வருஷம் இருந்தார். குழந்தை இல்லை, புருஷன் எப்போதோ போய்விட்டார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு வெள்ளைப் புடவை, ஒரு பித்தளை டம்ளர், அவ்வளவுதான் கொண்டுவந்தது. நான் அவரை விரட்டவில்லை. சோறு போட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். அப்போது வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த சமயம், பால் ஒரு லிட்டரிலிருந்து முக்கால் லிட்டராகக் குறைத்திருந்தோம், பையனுக்கு 4 வயது. ஒரு நாள் மூன்று மணிக்கு அத்தை அடுப்படி வாசலில் வந்து டம்ளரோடு நின்றார். நான் அவர் பக்கம் திரும்பாமலே, 'இன்னொரு காபியா?' என்றேன். வேறு ஒரு வார்த்தை இல்லை. குரலும் உயரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு வரவே இல்லை. அதற்கப்புறம் இரண்டரை வருஷம் இருந்தார். வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது, பால் ஒன்றரை லிட்டர் ஆனது, நானே போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் 'பழக்கம் விட்டுப்போச்சும்மா' என்பார்.

19 வயதில் சர்வஜயாவைத் திட்டியவள் நான்.

மழைக்காகிதம் எழுதியது:

அக்கா.

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

எங்கள் வீட்டிலும் ஒரு டம்ளர் உண்டு. எல்லார் வீட்டிலும் இருக்கும்.

பழங்கணக்கு எழுதியது:

நடுப்பகலுக்கும் கூடத்துத்தூணுக்கும் சேர்த்து ஒன்று. மூன்றாம் பகுதியை நாம் யாரும் தொடவில்லை. துர்கா போன பிறகு குடும்பம் காசிக்குப் போகிறது. அங்கே ஹரிஹர் செத்துப்போகிறான். சர்வஜயா பெரிய பணக்காரர் வீடு ஒன்றில் சமையல்காரியாகச் சேர்கிறாள். கீழே ஒரு அறை, அடுத்தவர் அரிசி, அடுத்தவர் கூரை. பையன் ஏதோ ஒன்றுக்காக அந்த வீட்டுக்காரர்களிடம் பிரம்படி வாங்குகிறான், அவளால் வாய் திறக்க முடியவில்லை. போக வேறு இடமும் இல்லை. யோசித்துப் பாருங்கள், இது யாருடைய நிலைமை? நிச்சிந்திபூர் வீட்டில் கிழவி இருந்த இடத்துக்கு இவள் வந்து சேர்ந்துவிட்டாள். தண்டனை என்று நான் படிக்கவில்லை. முற்றத்தின் அந்தப் பக்கத்துக் குடிசைக்கும் இந்தப் பக்கத்து அடுப்படிக்கும் அவ்வளவுதான் தூரம் என்று படித்தேன்.

1968இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தப் பகுதியை வெட்டிவிட்டது. ரயில் கிளம்புவதோடு முடித்துவிட்டார்கள். படமும் ஊரை விட்டுக் கிளம்புவதோடு முடிகிறது. அதனால் உலகத்தில் நிறையப் பேருக்குச் சர்வஜயா என்றால் கிழவியை விரட்டியவள், பெண்ணைப் பறிகொடுத்தவள், அவ்வளவுதான். அவள் இன்னொரு வீட்டில் சோற்றுக்கு நின்றதைப் படிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நடுப்பகல் எழுதியது:

அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் பகுதியை நான் அவசரமாகப் புரட்டிவிட்டேன், துர்கா போன பிறகு எனக்குப் படிக்க மனமில்லை. ஆனாலும் கிழவி வாசலில் நின்ற இடத்தை நான் விடமாட்டேன்.

கற்பூரவள்ளி எழுதியது:

விடவேண்டாம். அவளும் விட்டிருக்கமாட்டாள்.

தமிழில் இதைக் கொண்டுவந்தவர் ஆர். ஷண்முகசுந்தரம், 'நாகம்மாள்' எழுதியவர். அவருடைய கொங்கு கிராமத்துப் பெண்களைப் படித்துவிட்டு இதைப் படித்தால் வேறு ஊருக்குப் போன மாதிரியே இருக்காது. ஒரு நாவலாசிரியர் தன் பங்காளி வீட்டுக் கதையைச் சொல்வது போல மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

ரயிலடி எழுதியது:

துர்கா முதலில் கதையிலேயே இல்லை என்று சொல்வார்கள், தெரியுமா? ஆசிரியர் பாகல்பூர் பக்கம் ஜமீன் எஸ்டேட் வேலையில் இருந்தபோதுதான் இதை எழுதினார். அங்கே வழியில் தலைமயிர் கலைந்து நின்ற ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தாராம். அதற்கப்புறம் எழுதியதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து மறுபடி எழுதினாராம். 1929இல் புத்தகமாக வந்தது. அந்தப் பெண் யார், என்ன ஆனாள் என்று யாருக்குத் தெரியும். அவள் இல்லாமல் அபு மட்டும் வளர்ந்திருந்தால் இந்த இழையில் நான் இருந்திருக்கமாட்டேன்.

கரிசக்காத்து எழுதியது:

அபு மட்டும் வளர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க இரண்டாவது நாவல் இருக்கிறதே, 'அபராஜிதோ', 1932. அதில் ஒரு இடம் இருக்கிறது. இந்த இழையில் அதைச் சொல்லாமல் போனால் தப்பு.

அபு கல்கத்தாவில் படிக்கிறான். சர்வஜயா கிராமத்தில் தனியாக இருக்கிறாள். இவன் லீவுக்கு எப்போது வருவான் என்று நாள் எண்ணுகிறாள், அவனுக்கோ பட்டணம், புத்தகம், சிநேகிதர்கள். அம்மா செத்துப்போனாள் என்று செய்தி வருகிறது. முதல் நொடியில் அவனுக்கு வருவது அழுகை இல்லை. ஒரு கட்டு அறுந்த மாதிரி, ஒரு விடுதலை மாதிரி, கிட்டத்தட்ட சந்தோஷம். உடனே பதறிப்போகிறான், இது என்ன, நான் என்ன நினைக்கிறேன் என்று. ராயை இந்த இடம் பிடித்து ஆட்டியிருக்கிறது, அவரே எழுதியிருக்கிறார். தண்ணீரில் ரவை கிளறிக் கொடுத்தவள் அவள். அந்த மோகன்போக் தின்ற பிள்ளை இவன்.

கிழவி போனபோது சர்வஜயாவுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நடுப்பகல் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, நான் இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன்.

நடுப்பகல் எழுதியது:

நான் அப்படிக் கேட்கவே இல்லை. ஆனால் இப்போது கேட்கிறேன்.

மழைக்காகிதம் எழுதியது:

இரண்டு புத்தகத்தையும் எடுத்துவிட்டேன். படம் பார்த்தேன் என்று இனிமேல் வாய் திறக்கமாட்டேன்.

கூடத்துத்தூண் எழுதியது:

கரிசக்காத்து, 'அபராஜிதோ' என்னிடம் இருக்கிறது, நீங்கள் சொன்ன இடத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை படித்துவிட்டுப் பீரோ மேல் தட்டில், பழைய துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். பையன் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறான். வந்தால் முதலில் புத்தக அலமாரியைத்தான் குடைவான்.